வெட்கம் விலக்கி ஒரு வார்த்தை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், இயந்திரப் பொறியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையே பெரும்பாலும் காக்கப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "ஊத்துக்குளிக்காரர் நீங்க, சாயப்பட்டறையில வேலை பாக்கறீங்க. கழிவுநீரைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நான் சொன்னேன்: "கழிவுநீரைப் பத்தியே பேசறேனுங்கண்ணா. ஆனா பட்டறைக் கழிவுநீர் இல்லீங்க, மனுஷன் உடம்புக் கழிவுநீர்." அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக இருக்கற சபைங்க" என்றார். இருக்கட்டும். அவர்களும் நாளை ஒருவருக்கு மனைவியாக, அம்மாவாக, அக்காவாக ஆஸ்பத்திரி வாசலில் உட்காரப் போகிறவர்கள்தான். அவர்களுக்கே இந்தச் சங்கடங்கள் வரலாம். தெரிந்துகொள்ளட்டும்.

நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் ஒரே மந்திரம்தான்: பூஜ்ய வெளியேற்றம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகக்கூடாது. பட்டறைக்கு அது சட்டம். மனிதனுக்கு அப்படி ஆகிவிட்டால் ஒரு ராத்திரி தாங்காதுங்க. அதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்: சிறுநீர்ப் பாதை அடைப்பும், அதைத் திரும்பக் கட்டிக்கொடுக்கிற அறுவை சிகிச்சையும்.

நான் டாக்டர் இல்லை. இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

ஒரு குழாயின் கதை

எனக்கு 26 வயது. ஒரு பட்டறையில் பராமரிப்பு இஞ்சினியர். நீராவி லைனில் ஒரு வால்வைப் பார்க்க ஏணியில் ஏறியபோது ஏணி நழுவி, கீழே இருந்த இரும்புச் சேனல் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டபடி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. இரண்டு நாள் சிறுநீரில் ரத்தம் வந்தது, நின்றுவிட்டது. மருத்துவமனையில் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு வருடம் கழித்து, போகிற வேகம் குறைய ஆரம்பித்தது. முக்கிப் போக வேண்டியிருந்தது. தாரை இரண்டாகப் பிரிந்தது. போய்விட்டு வந்தாலும் பாதி உள்ளேயே நிற்கிற உணர்வு. ராத்திரி நான்கு முறை எழுந்தேன்.

இதற்குப் பெயர் யூரித்ரல் ஸ்டிரிக்சர். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய்தான் யூரித்ரா. ஆண்களுக்கு அது சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். அதனாலேயே இந்தத் தழும்பு அடைப்பு ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அடிபட்ட இடத்தில் புண் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு சுருங்கும். சுருங்கும்போது குழாயையும் சேர்த்து இறுக்கிவிடும். அடிபட்ட அன்றைக்கு எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.

விழுந்தால் மட்டும்தான் வரும் என்றில்லை. பைக் விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கினால் குழாய் அறுந்தே போகலாம். வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருக்கும்போது போட்ட சிறுநீர்க் குழாய் உரசி வரலாம். மேகவெட்டை போன்ற பால்வினை நோயால் வரலாம். தோலில் வெள்ளையாகப் படரும் லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற நோயாலும் வரலாம். ஆகவே யாருக்காவது இது வந்தது என்றால் 'கெட்ட பழக்கம்' என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் நிறையப் பேர் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அந்த ஒரு சந்தேகப் பார்வைதான் காரணம்.

நாம் படித்த பாடமே

பாய்சொய் விதி நினைவிருக்கிறதா? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேராசிரியர் இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டீர்கள். குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதம். விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும்! இந்த விதியைக் கண்டறிந்தவர்கள் இரண்டு பேர். 1839இல் ஹேகன், ஜெர்மனியில் நீர்ப்பணி இஞ்சினியர். 1840 வாக்கில் பாய்சொய், பிரான்சில் ஒரு டாக்டர், ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளப் போய் இதைக் கண்டார். குழாய் என்று வந்துவிட்டால் நம் தொழிலுக்கும் அவர்கள் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு.

உடம்புக் குழாய் இரும்புக் குழாய் அல்ல. விரியும், மடங்கும். விதி அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் 'கொஞ்சம்தானே சுருங்கியிருக்கு' என்று நினைக்கக்கூடாது என்பதற்கு அந்த நான்காம் படி போதும்.

ஆஸ்பத்திரியில் ஓட்டத்தை அளக்க ஒரு மிஷின் இருக்கிறது. ஒரு புனல் மாதிரி, அதில் போனால் போதும், ஊசி கிடையாது. ஆரோக்கியமான இளைஞனுக்கு உச்ச வேகம் வினாடிக்கு 20 மில்லி லிட்டர், அதற்கு மேலும் வரும். வரைபடம் ஒரு குன்று மாதிரி ஏறி இறங்கும். என் உச்ச வேகம் 5. வரைபடம் நம் ஹாஸ்டல் மெஸ் டேபிள் மாதிரி தட்டையாக இருந்தது. குழாய் அடைப்பின் அடையாளமே அந்தத் தட்டைதான்.

சரி, ஓட்டம் குறைந்தால் என்ன, மெதுவாகப் போய்க்கொள்ளலாமே என்றால், முடியாது. டெலிவரி வால்வை மூடிவிட்டு பம்பை ஓட்டினால் என்ன ஆகும்? சிறுநீர்ப்பைதான் பம்ப். முதலில் அதன் சுவர் தடித்துப் போராடும். பிறகு தளரும். தேங்கிய நீரில் கிருமி வரும், கல் வரும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் சிறுநீர்ப்பைச் சுவரில் சாய்வாக நுழைகின்றன. அந்தச் சாய்வுதான் நமது நான்-ரிட்டர்ன் வால்வு. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் மேலிருந்து நீர் இறங்க முடியாது, சிலருக்கு அந்த வால்வும் தோற்கும். சிறுநீரகம் வீங்கும். கடைசியில் டயாலிசிஸ் வரை போகும். வெட்கத்துக்குக் கொடுக்கிற விலை இரண்டு சிறுநீரகம் என்றால் அது ரொம்ப அதிகம்ங்க.

விரிப்பதும் வெட்டுவதும்

நான் முதலில் போன இடத்தில், எஃகுக் கம்பி விட்டு விரித்தார்கள். ஆயிரம் வருடங்களுக்கும் மேலான வைத்தியம் இது. சுஸ்ருத சம்ஹிதையிலேயே உலோகம், மரம், அரக்கு ஆகியவற்றில் குழாய் செய்து, நெய் தடவி உள்ளே செலுத்தி, சில நாட்களுக்கு ஒருமுறை அதைவிடத் தடிமனான குழாயாக மாற்றும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. (ஊத்துக்குளி நெய்யா என்று கேட்காதீர்கள், அந்தக் குறிப்பு அதில் இல்லை!)

விரித்த அன்றைக்கு அருவி மாதிரி போகும். மூன்று மாதத்தில் பழையபடி சொட்டும். மறுபடி விரிப்பு. இப்படி இரண்டு வருடம். ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் தழும்பு கிழிகிறது. கிழிந்தது ஆறும்போது புதுத் தழும்பு விழுகிறது. எனக்கு அடைப்பு வரவர நீளமானதற்குக் காரணம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

கேமரா வைத்த கருவியை உள்ளே விட்டுத் தழும்பைப் பார்த்து வெட்டுகிற முறையும் உண்டு. 1970களில் ஜெர்மானிய டாக்டர் சாக்சே பரப்பியது. 2 சென்டிமீட்டருக்குக் குறைவான, முதல்முறை வந்த அடைப்புக்கு இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். ஆனால் மறுபடி அடைத்துக்கொண்டால், திரும்பத் திரும்ப விரிப்பதையும் வெட்டுவதையும் விட்டுவிட்டு, சீரமைப்பு அறுவை சிகிச்சையை நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பத்து வருடம், பதினைந்து வருடம் விரித்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இதைச் சொன்னவர் கோவையில் ஒரு டாக்டர். "இஞ்சினியர் தம்பி, உங்க பட்டறையில ஒரு லைன் அடைச்சா, எங்க அடைச்சிருக்கு, எத்தனை நீளம்னு பாக்காம ராடு விட்டுக் குத்துவீங்களா?" என்று கேட்டார். "மாட்டேன் சார்" என்றேன். "அப்ப முதல்ல சாயம் ஏத்தி எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றார். சாயப்பட்டறைக்காரனுக்குச் சாயம் ஏற்றிய எக்ஸ்ரே! படத்தில் அடைப்பு வெள்ளையும் கறுப்புமாகத் தெளிவாகத் தெரிந்தது. 4 சென்டிமீட்டர்.

கன்னத்திலிருந்து ஓர் ஒட்டு

இனிமேல் சொல்லப்போவதைப் பனியன் கம்பெனிக்காரர்கள் டாக்டர்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள்.

நிட்டிங் மிஷினில் துணி குழாயாகத்தான் வருகிறது. அந்தக் குழாய் ஒரு இடத்தில் இறுக்கமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நீளவாக்கில் வெட்டித் திறந்து, நடுவில் ஒரு பட்டித் துணியை வைத்துத் தைப்பீர்கள். சுற்றளவு கூடும். அதேதான். டாக்டர் குழாயின் இறுக்கமான பகுதியை நீளவாக்கில் திறந்து, அதில் ஒரு பட்டி வைத்துத் தைக்கிறார். பட்டியின் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 2 சென்டிமீட்டர் கூடும். பை-யால் வகுத்தால், விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் கூடுகிறது. துணி மாதிரியே இந்தப் பட்டியும் கொஞ்சம் சுருங்கும். அதற்கும் சேர்த்தே அளவெடுக்கிறார்கள்.

பட்டிக்குத் துணி எங்கே? நம் கன்னத்தின் உட்பக்கம். ஏன் கன்னம்? யோசித்துப் பாருங்கள், எந்நேரமும் ஈரத்தில் இருக்கிற தோல், முடி முளைக்காது, சூடு, காரம், உப்பு எல்லாம் பார்த்துப் பழகியது. ரத்தக்குழாய் நிறைந்தது, அதனால் வைத்த இடத்தில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எடுத்த இடமும் சில வாரங்களில் ஆறிவிடும். உடம்பின் வேறு இடத்துத் தோலை வைத்தால் முடி முளைக்கும், ஈரத்தில் ஊறிக் கெடும். இதுதான் சரியான மெட்டீரியல்.

இந்த யோசனை புதிதல்ல. 1890களிலேயே உக்ரைனில் சபேஷ்கோ என்ற டாக்டர் வாயின் உட்தோலை இப்படிப் பயன்படுத்தினார். 1941இல் இங்கிலாந்தில் ஹம்பி என்பவர் ஒரு சிறுவனுக்குச் செய்தார். பிறகு உலகம் மறந்துபோய், 1990களில் திரும்ப நினைவுகூர்ந்தது. 1996இல் இத்தாலியின் பார்பாக்லி, பட்டியைக் குழாயின் மேற்பக்கம், உறுதியான திசுவின் மேல் விரித்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அடியில் நல்ல ரத்த ஓட்டம் இருப்பதால், ஒட்டு முதல் இரண்டு நாள் கீழிருந்து ஊறும் ஈரத்தைக் குடித்துப் பிழைக்கிறது. பிறகு ரத்தக்குழாய்கள் அதனுள் வளர்கின்றன. நாற்று நட்டு வேர் பிடிக்கிற மாதிரி.

நாம் பெருமைப்பட ஒரு செய்தி. குழாய் முழுக்க அடைத்துப்போனவர்களுக்கு, ஒரு பக்கம் மட்டும் திறந்து, மறுபக்க ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் தொடாமல் ஒரே அறுவையில் முழு நீளத்தையும் சரிசெய்யும் முறையை உருவாக்கியவர் புனேயில் இருக்கும் டாக்டர் சஞ்சய் குல்கர்னி. உலக மருத்துவ நூல்களில் அதற்கு 'குல்கர்னி முறை' என்றே பெயர். வெளிநாட்டு டாக்டர்கள் புனேக்கு வந்து கற்றுக்கொள்கிறார்கள்.

எனக்கு அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம். ஒரு வாரம் கூழும் தயிர் சாதமும். மூன்று வாரம் குழாய் உள்ளே. பிறகு மறுபடி சாயம் ஏற்றிப் பார்த்து, கசிவில்லை என்று உறுதிசெய்து குழாயை எடுத்தார்கள். அன்றைக்கு அளந்தபோது உச்ச வேகம் 22. இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. தேர்ந்த கையில் இந்தச் சிகிச்சை பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு நிலைக்கும். நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கும் வருடம் ஒருமுறை அந்தப் புனல் மிஷின் உண்டு.

மாணவத் தம்பிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. பாக்கு, புகையிலை போட்டுக் கன்னத்தைக் கெடுத்துக்கொண்டவர்களுக்குக் கன்னத் தோல் தடித்து, இறுகி, ஒட்டுக்கு உதவாமல் போகிறது. சிலரால் வாயையே முழுசாகத் திறக்க முடிவதில்லை. கன்னத்தை உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரில் நெருப்பு வைக்காதீர்கள்.

அறுந்துபோனால்

செங்கப்பள்ளி வழியாகப் போகிற நெடுஞ்சாலையும், ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற பைக்குகளும் உங்களுக்குத் தெரியும். இடுப்பெலும்பு முறிந்த விபத்தில், சிறுநீர் வராமல் துளையில் ரத்தம் தெரிந்தால் குழாய் அறுந்திருக்கலாம். அப்போது கீழ்வழியாக முரட்டுத்தனமாகக் குழாய் செருகக்கூடாது. அடிவயிறு வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் ஒரு குழாய் வைத்து வடியவிடுவார்கள். சுமார் மூன்று மாதம் கழித்து, தழும்பை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் நேராக இணைப்பார்கள். இங்கே ஒட்டு வேண்டாம், முனைக்கு முனை ஜாயின்ட். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. பணத்தைப் பற்றி யோசித்து வண்டியை எடுக்காமல் நிற்காதீர்கள்.

இந்த விபத்தில் நரம்பும் அடிபடுவதால் சிலருக்கு ஆண்மைக் குறைவும் வரும். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. கேட்டால்தான் டாக்டர் சொல்வார். குழாய் அடைப்பால் விந்து சரியாக வெளிவராமல் குழந்தைப்பேறு தள்ளிப்போவதும் உண்டு.

எனக்கு அறுவை நடந்தபோது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதையெல்லாம் சொன்னா யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்று சொந்தத்தில் பேச்சு. நிச்சயத்துக்கு முன்னால் என் மனைவியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இப்ப வலிக்குதுங்களா?" இல்லை என்றேன். பேச்சு முடிந்தது. மகளுக்கு இப்போது நான்கு வயது.

தாய்க்கும் சேய்க்கும்

பெண்களுக்கு வேறு மாதிரிச் சங்கடம். பிரசவம் நாள்கணக்கில் நீண்டு, குழந்தையின் தலை அழுத்தியே இருந்தால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். சிறுநீர் நிற்காமல் கசியும். இதைச் சரிசெய்வதற்கென்றே ஆஸ்திரேலிய–நியூசிலாந்து டாக்டர் தம்பதியான கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின் 1974இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடப்பதால் அந்தக் காரணம் இங்கே அரிது. ஆனால் கர்ப்பப்பை அறுவைக்குப் பிறகு சிலருக்கு இந்த ஓட்டை விழுவதுண்டு. துணியை மடித்து வைத்துக்கொண்டு, 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்ட அம்மாக்கள், பெரியம்மாக்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களிடம் பெண்பிள்ளைகள்தான் பேச்சுக் கொடுக்க முடியும். இது தைத்துச் சரிசெய்யக்கூடியது என்று சொல்லுங்கள்.

ஆண் குழந்தைகளில் சிலருக்கு, சுமார் 200, 300 பேரில் ஒருவருக்கு, சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கும். பெயர் ஹைப்போஸ்பேடியாஸ். அறுவை தேவைப்பட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்வது நல்லது. அந்தக் குழந்தைக்கு முன்தோலை நீக்கிவிடக்கூடாது. சரிசெய்ய அந்தத் தோல் தேவைப்படும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்வி

அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் தனியாக வந்து, "அண்ணா, எனக்கும்..." என்றார்கள். அதில் ஒருவர் ஓவர்லாக் டெய்லர், ஒடிசாவிலிருந்து வந்தவர். ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று ஐந்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் வீங்கியிருந்தன. ஒன்றில் வீக்கம் இறங்கிவிட்டது. மற்றொன்று முழுசாகத் திரும்பவில்லை. அவருக்கு வயது 31. இந்த மேடையில் நான் இதைப் பேசுவதற்குக் காரணம் அவர்தான்.

டாக்டரிடம் போனால் நான்கு கேள்வி கேளுங்கள். அடைப்பு எங்கே, எத்தனை நீளம்? இந்த விரிப்பு எத்தனை முறைக்கு? சீரமைப்பு அறுவை எனக்கு ஒத்துவருமா? இந்த அறுவையை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா, இல்லையென்றால் யாரிடம் போகட்டும்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். திருப்பூருக்கே 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அங்கே போய் வழி கேட்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறவர்கள் முதலில் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் இன்று கம்பெனி நடத்துகிறோம், சூப்பர்வைசராக இருக்கிறோம். மில் வாசலில் கண் பரிசோதனை முகாம் வைக்கிற மாதிரி, அந்தப் புனல் மிஷினோடு ஒரு சிறுநீரக டாக்டரையும் வருடம் ஒருமுறை கூப்பிடலாம். ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குப் பெண் டாக்டர், ஹிந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவர். இதற்குப் பெரிய செலவு கிடையாது. முதல் முகாமை ஊத்துக்குளியில் வைக்கலாம், இடம் நான் பார்த்துத் தருகிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் செயலாளர் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.